வாய்க்கால் பக்கம் ஓடச் சொன்னவர்

ஓடுகிறோம். அம்மா முன்னால். அவள் இடுப்பில் தங்கச்சி செல்வி. செல்விக்கு நாலு வயது. அந்த வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அம்மா ஓடுகிறாள். பின்னால் பாக்கியம் அக்கா, ஆறு மாத வயிற்றோடு. அதற்குப் பின்னால் நான். என் கையில் தம்பி முருகேசுவின் கை. வெள்ளிக்கிழமை. உச்சிவெயில். சோறு உலையில் கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைக்கவில்லை.

முதலில் ஒரே ஒரு வெடி. பலகையைப் பலகையால் அறைந்த மாதிரி. பிறகு ஒன்றுமில்லை. பிறகு தொடர்ந்து, நிறுத்தாமல். கிழக்கே, ரோட்டுப் பக்கம். அதற்குப் பிறகு லொறிகளின் இரைச்சல்.

அப்போதுதான் அந்தக் குரல். குளக்கட்டில் ஏறி நின்று ஒருவர் கத்துகிறார்.

"வாய்க்கால் பக்கம் ஓடுங்க! ரோட்டுக்குப் போகாதீங்க! வாய்க்காலுக்க இறங்குங்க!"

ஞானமுத்து முதலாளி. பக்கத்து ஊரில் நெல் மில் வைத்திருந்தவர். எங்கள் நெல்லை அவர்தான் குத்தித் தருவார். மில் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. ஊர் முழுக்க அந்தக் குரலுக்குத் திரும்பியது. பயந்துபோன சனத்துக்கு யாராவது ஒரு வழியைச் சொன்னால் போதும்.

அப்பா மட்டும் வேறு மாதிரிக் கத்தினார். "மேல ஏறு! எல்லாரும் மலைக்கு ஏறு!"

அம்மா நின்றாள். பாக்கியத்தின் வயிற்றைக் காட்டினாள். "இவ எப்படி ஏறுவா?" என்றாள். வாய்க்கால் கிட்ட இருந்தது. மலை தூரம். அப்பா என்னையும் தம்பியையும் பிடித்துப் புதருக்குள் தள்ளினார். "ஏறுங்க. நிக்காதீங்க. நான் அவங்கள கூட்டிட்டு வர்றேன்."

திரும்பி ஓடினார். கடைசியாக நான் பார்த்தது அவர் முதுகு. சட்டை இல்லாத முதுகு. வியர்வையில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

எனக்குப் பதினாறு வயது. தம்பிக்குப் பத்து.

ஊரின் பெயர் பாலைக்கல். பெரிய வரைபடங்களில் இருக்காது. தேயிலை மலைகள் சரிந்து மட்டக்களப்பு வயல்வெளியைத் தொடுகிற இடம். நான் பிறந்தது அந்த மலையில், தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது சிங்களக் கும்பல் ஒன்று லயத்தைக் கொளுத்தியது. இந்தியாவுக்குப் போ என்று சொல்லிக் கொளுத்தினார்கள். என் அப்பாவும் இந்தியாவைப் பார்த்ததில்லை, அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை. சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினோம். அடிவாரத்தில் நின்றோம். காடு வெட்டினோம். உடைந்து கிடந்த குளக்கட்டை மண் சுமந்து கட்டினோம். முதலில் சோளம். பிறகு நெல்.

தண்ணீர் வந்ததும் எல்லாரும் வந்தார்கள்.

அரசாங்கத்து நில அளவைக்காரர்கள் வந்து ஒரு கல்லை நட்டு வெள்ளை பூசினார்கள். அதற்கு மேற்கே வேறு மாவட்டம் என்றார்கள். இயக்கத்துப் பொடியன்கள் வந்து அதைப் பிடுங்கினார்கள். மலைப் பக்கம் தள்ளி நட்டார்கள். இதுதான் தாயகத்தின் எல்லை, நீங்கள் எல்லைக் காவலர்கள் என்றார்கள். எங்களிடம் இருந்தது மண்வெட்டி. மேலே இருந்த சிங்களக் குடியேற்றத்தார் மறுபடியும் கல்லைக் கீழே கொண்டுவந்து நட்டார்கள். அவர்களுக்கு ஊர்காவல் படை என்று துவக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லை எல்லை என்று பேசியவர்களில் ஒருவரும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியதில்லை. நாங்கள் தூங்கினோம்.

அரசாங்கத்துக்கு நாங்கள் இந்தியர். பொடியன்களுக்கு வேலி. பக்கத்து ஊர்களுக்குத் தோட்டக்காட்டார். முதலாளி நேரில் "நம்மட புள்ளைகள்" என்பார். நாங்கள் மில்லை விட்டு வெளியே வந்ததும், "வந்தான் வரத்தானெல்லாம் தண்ணிக் காணியில இரிக்கானுகள்" என்பார். பாக்கியம் அக்கா காதால் கேட்டுவந்து வீட்டில் சொன்னாள். அப்பா சிரித்தார். "சொல்லிட்டுப் போகட்டும். நெல்லு நம்ம நெல்லு."

மலையில் பாதி ஏறியதும் ஒரு பெரிய பாறை. அதன் பின்னால் படுத்தோம். தம்பியின் வாயை என் கையால் பொத்தியிருந்தேன். அங்கிருந்து வாய்க்கால் தெரியும். நீளமாக, நேராக. தண்ணீர் குறைந்த காலம். சனம் உள்ளே இறங்கிக் குனிந்து குனிந்து போகிறது. அம்மாவின் மஞ்சள் சேலை தெரிகிறது. அப்பா வாய்க்கால் கரையில் ஓடி வருகிறார். கையை வீசுகிறார். ஏறு, ஏறு என்கிறார். சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

வாய்க்காலின் மறுமுனையில் மதகு. மதகுக்குப் பின்னால் அவர்கள் குந்தியிருந்தார்கள். இராணுவச் சீருடை போட்டவர்களும் சாரம் கட்டிய ஊர்காவல் படையாட்களும். அவர்கள் ஓடி வந்து நிற்கவில்லை. முன்பே வந்து காத்திருந்தார்கள்.

துவக்குச் சத்தம் அதிக நேரம் இல்லை. அதற்குப் பிறகு கேட்ட சத்தங்கள் துவக்கு இல்லை. கத்தி. அதை எழுத மாட்டேன். தம்பியின் கண்ணையும் பொத்தினேன். என் கண்ணைப் பொத்த எனக்குக் கை மிச்சமில்லை.

வெயில் சாயும்போது ஒரு ஜீப் வந்தது. குளக்கட்டில் நின்றது. ஒரு அதிகாரி இறங்கினார். முதலாளி அவரிடம் நடந்து போனார். கையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கடைக்குப் போகிறவர் மாதிரிப் போனார். அதிகாரி அவருக்கு ஒரு ஆரஞ்சு சோடாப் போத்தல் கொடுத்தார். முதலாளி ஜீப்பில் சாய்ந்து நின்று குடித்தார். குடித்து முடித்துப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். கையை நீட்டி எங்கள் வயல்களைக் காட்டினார். இங்கிருந்து அங்கே வரைக்கும்.

நான் பார்த்தேன். என் கையின் கீழே இருந்து தம்பியும் பார்த்தான்.

உடல்களை எங்களிடம் தரவில்லை. கேட்க ஆளும் இல்லை. டயர் போட்டு எரித்தார்கள். கறுப்புப் புகை. ரப்பர் மணம். அடுத்த மழைக்கு எங்கள் வயலில் முதலாளியின் டிராக்டர் உழுதது என்று அகதி முகாமுக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு முகாம். படகு. இந்தியாவில் மண்டபம் முகாம். அங்கே ஒரு அதிகாரி, "நீங்கதான் இந்திய வம்சாவளியாச்சே, இங்கயே இருந்துக்கலாமே" என்றார். லயத்தைக் கொளுத்தியவர்கள் சொன்னதையே அவர் அன்பாகச் சொன்னார். இருக்கவில்லை. தம்பி முதலில் மொன்ட்ரியாலுக்கு வந்தான். சில வருடம் கழித்து நான் வந்தேன். அகதி விசாரணையில் ஊர் எது என்று கேட்டார்கள். மட்டக்களப்பு என்றேன். முழுப் பொய்யும் இல்லை. முழு உண்மையும் இல்லை.

இங்கே யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி அதுதான். "ஊரில எவடம்?" நான் "ஆமா" என்பதை விட்டேன். "ஓம்" என்று சொல்லப் பழகினேன். தம்பி யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டினான். லாசாலில் வீடு. அவள் வீட்டாருக்கு நாங்கள் மட்டக்களப்பார். லயம் என்ற சொல் அந்த வீட்டில் ஒரு நாளும் பேசப்பட்டதில்லை. ஆனால் நானும் அவனும் தனியாக இருக்கும்போது வாய் தானாக மலைக்குப் போய்விடும்.

நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கார்தெரியில் சமைக்கிறேன். சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுப் போகும் இடம். காலையில் சூப். மத்தியானம் மக்ரோனி, பட்டாணி. நாலு மணிக்குப் பிறகு பெற்றோர் வருவார்கள். அவர்களில் சுதா என்று ஒரு பெண். முதியோர் இல்லத்தில் வேலை. மகள் லயாவுக்கு நாலு வயது. சுதாவுக்கு என்னைப் பிடிக்கும். எனக்கும் அவளைப் பிடிக்கும். இறால் குழம்பு கொண்டுவந்து தருவாள். "அக்கா, நீங்களும் எங்கட பக்கம்தானே" என்பாள். ஓம் என்பேன்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள், "இனிமேல் என்ட அப்பாதான் லயாவைக் கூட்டிட்டுப் போவார்" என்றாள். ஊரிலிருந்து கூப்பிட்டிருந்தாளாம்.

மறுநாள் மாலை. நான் குப்பைப் பையோடு பின்வாசலில் நிற்கிறேன். தெருவில் பனி அள்ளும் இயந்திரம் வருகிறது. மஞ்சள் விளக்குச் சுற்றுகிறது. லயா கையை உதறிவிட்டு ஓடுகிறாள். பின்னால் ஒரு குரல்.

"ரோட்டுக்குப் போகாத! இந்தப் பக்கம் ஓடி வா!"

பை கையிலிருந்து விழுந்ததா நான் விட்டேனா தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல். குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது. இரைச்சலுக்கு மேலே எழுந்து வருகிற அந்தப் பழக்கம் தேயவில்லை. பிள்ளை திரும்பி ஓடி வந்தது. அவர் அதைத் தூக்கினார். காது மூடிய கம்பளித் தொப்பி. பெரிய கோட்டு. சாய்ந்து நிற்கும் அதே நிலை.

அவருடைய பேத்தியை அவர் காப்பாற்றினார். அன்றைக்கு எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தத் தொண்டைக்கு ஒரு பிள்ளையைக் காப்பாற்றவும் தெரிந்திருக்கிறது.

தம்பியிடம் சொன்னேன். அவன் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு வெளியே, காருக்குள் வைத்துச் சொன்னேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

"விடுக்கா. கிழவன். இன்னும் எத்தன நாளைக்கு இருக்கப்போறான்."

"சோடா குடிச்சத நீ மறந்துட்டியா?"

"மறக்கல. ஆனா நீ வாயத் தொறந்தா, நாம யாருன்னு கேப்பாங்க. எம் புள்ளைங்க இருக்குது. அவ வீட்டுல என்னா சொல்லுவேன்?"

"தோட்டத்து ஆளுன்னு சொல்லு. செத்தா போவ?"

அவன் காரை எடுத்தான்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த வாரம் முழுக்க லயாவின் தட்டில் சூப் ஊற்றியது என் கைதான். பிள்ளை "மெர்சி, பார்வதி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லும். தொப்பி மாட்டிவிடத் தூக்குவேன். செல்வியின் எடை. அந்த எடையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்ததை யாரும் எனக்கு மன்னிக்க வேண்டாம். பிள்ளைக்குத் தொப்பி மாட்டி இறக்கிவிட்டேன். என் பகை மதகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பகை இல்லை. நேரே போய் நிற்கும்.

நின்றேன். ஒரு மாலை. லயா உள்ளே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் வாசல் அறையில், வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். வேறு ஆள் இல்லை. நான் முன்னால் போய் நின்றேன். "ஓம்" போட்டுப் பேசும் தமிழை விட்டேன். என் அம்மாவின் தமிழில் கேட்டேன்.

"என்னா மொதலாளி. வாய்க்கா பக்கம் ஓடவா?"

அவர் முகம் முதலில் மாறவில்லை. கை மாறியது. கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நின்றது.

"யாரு புள்ள நீ?"

"பாலைக்கல்லு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "கருப்பையாட மகளா?"

பெயர் நினைவிருந்தது. அதுவும் எனக்கு வேண்டியிருந்தது. மறந்துவிட்டார் என்றால் நான் உடைந்திருப்பேன்.

"அது சண்டைக் காலம், புள்ள. கேம்புக்குக் கூப்பிட்டானுகள். சொன்னதச் செய்யாட்டி என்ட வீட்டுக்கு வருவானுகள். சுதா அப்ப கைப்புள்ள."

"செல்விக்கு நாலு வயசு."

"நான் என்ன செய்யிற?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அதற்குள் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. "எண்டாலும் அது எங்கட ஆக்கள்ற காணி. நீங்க தோட்டத்து ஆக்கள். வேற எங்கயாச்சும் போயிரிக்கலாம்."

லயா ஓடி வந்து அவர் மடியில் விழுந்தாள். அவர் அவள் தலையைத் தடவினார். நான் சமையலறைக்குப் போனேன். அடுத்த நாளுக்கான கேரட்டை எல்லாம் வெட்டினேன். கத்தி நன்றாக வெட்டியது.

வசந்தத்தில் ஒரு நினைவுக் கூட்டம். தேவாலயம் ஒன்றின் கீழ்த்தள மண்டபம். கிழக்கின் எல்லைக் கிராமங்களில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றுகிறார்கள். சுவரில் ஊர்ப் பெயர்கள் எழுதிய பெரிய பதாகை. எங்கள் ஊர் இல்லை. விளக்கேற்ற மேடைக்கு அழைத்தார்கள். எல்லைக் கிராமத்தின் துயரை நேரில் கண்ட மூத்தவர் என்றார்கள். ஞானமுத்து ஐயா எழுந்து போகிறார். வெள்ளை வேட்டி. சுதா அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறாள்.

நேரில் கண்டவர். அது உண்மைதான்.

நான் நடந்து போனேன். ஒலிவாங்கி ஒரு கம்பத்தில் இருந்தது. எடுத்தேன். என் பெயரைச் சொன்னேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். லயம் என்று சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பார்க்கட்டும். வாய்க்காலைச் சொன்னேன். மதகைச் சொன்னேன். சோடாவைச் சொன்னேன். விரலை நீட்டினேன்.

"மைக்கை வாங்குங்கோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஏற்பாட்டாளர் ஒருவர் என் பக்கத்தில் வந்தார். மெதுவாகத்தான் பேசினார். "அக்கா, இது ஒற்றுமையா நிக்கிற இடம். இதைப் பேந்து கதைப்பம்."

"பேந்துன்னா எப்ப?" என்று ஒலிவாங்கியிலேயே கேட்டேன்.

"ஆதாரம் இருக்கோ?" என்றார் இன்னொருவர். "இந்தியாக்காரர் வந்து எங்களுக்குள்ள..." என்று யாரோ தொடங்கினார்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. முருகேசு. அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் அவன் மனைவி. அவளுடைய அண்ணன். பிள்ளைகள் இரண்டும்.

"அக்கா சொல்றது நெசம்," என்றான். எங்கள் மலைத் தமிழிலேயே சொன்னான். "நானும் பாத்தேன். எனக்கு அப்ப பத்து வயசு. அவரு போத்தல திருப்பிக் குடுத்தாரு. அதையும் பாத்தேன்."

சுதா அப்பாவின் முழங்கையை விட்டாள். "அப்பா?" என்றாள். ஒரு முறைதான். அவர் ஏற்றப் பிடித்திருந்த மெழுகுதிரியை ஊதி அணைத்தார். மேசையில் வைத்தார். இல்லை என்று சொல்லவில்லை. அத்தனை பேர் பார்க்க, இல்லை என்று சொல்லவில்லை. அவர் மறுக்காததை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் முதல் லயா வரவில்லை. ஒரு மாதம் கழித்துச் சுதா பின்வாசலில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். அவள் செய்ததற்கல்லவே.

"அவரை வெளிய அனுப்ப எனக்கு ஏலாது, அக்கா. சாப்பாடு குடுக்கிறன். கதைக்கிறதில்ல. லயாவ அவர்ட்ட விடுறதும் இல்ல."

"சரி," என்றேன்.

"உங்களுக்கு அது காணுமா?"

"பத்தாது."

அவள் தலையை ஆட்டினாள். போனாள். அவளை இழந்ததும் எனக்கு ஒரு இழப்புத்தான். அதையும் அந்த மனிதரின் கணக்கிலேயே எழுதுகிறேன்.

தம்பியின் மாமனார் வீட்டில் சில காலம் எங்களோடு பேச்சு இல்லை. பிறகு தம்பியின் மனைவியே எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "ஏன் மச்சாள் இவ்வளவு காலமும் சொல்லேல்ல?" என்று அழுதாள். அவளுக்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது இதைப் படிப்பாள்.

ஒரு வழக்கறிஞரிடம் போனோம். நானும் தம்பியும் தனித்தனியாகச் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தோம். இந்த நாட்டுக்குள் வரும்போது முதலாளி எதை மறைத்தார் என்று பார்ப்பார்களாம். காலம் எடுக்கும் என்றார் வழக்கறிஞர். ஆளுக்கு வயதாகிவிட்டது, அதற்குள் இறந்துபோகலாம் என்றும் சொன்னார். அவர் இறக்க வேண்டாம். நான் கோயிலில் வேண்டிக்கொள்வது அதைத்தான். நீண்ட காலம் இருக்கட்டும். நல்ல நினைவோடு இருக்கட்டும். தமிழ்க் கடைக்குப் போனால் சனம் விலகி நிற்கட்டும். அந்தக் குரலால் பேச ஒரு ஆள்கூட இல்லாத வீட்டில் இருக்கட்டும். என்னை நல்லவள் என்று நினைத்து இதைப் படிக்க வேண்டாம்.

கூட்டத்தார் பிறகு ஒரு நினைவு மலர் போட்டார்கள். பாலைக்கல் அதிலும் இல்லை. சர்ச்சைக்குரியது என்றார்களாம். அதனால் நானே எழுதுகிறேன். யாருடைய எல்லைக்காகவும் அவர்கள் சாகவில்லை. வழி சொன்னவரை நம்பிச் செத்தார்கள்.

கருப்பையா, என் அப்பா. லெட்சுமி, என் அம்மா. பாக்கியம், என் அக்கா. அவள் புருஷன் சந்தனம், ரோட்டுப் பக்கம் கேட்ட அந்த முதல் வெடி அவருக்கு. செல்வி. பக்கத்து வீட்டு மாரியாயி, அவள் மூன்று பிள்ளைகள். மூத்தவன் பெயர் ராஜு, மற்ற இரண்டு பெயரும் எனக்கு நினைவில் வரவில்லை, தம்பிக்கும் வரவில்லை. கண் தெரியாத பெரியசாமி, அவரைக் கைபிடித்து வாய்க்காலுக்குள் இறக்கிய தங்கராசு. இன்னும் வாய்க்காலில் இருந்தவர்கள். பாறையிலிருந்து எல்லா முகமும் தெரியவில்லை.

பாக்கியத்தின் வயிற்றில் இருந்ததைச் சேர்ப்பதா என்று வழக்கறிஞர் கேட்டார். சேருங்கள் என்றேன்.

வீடுகள் எல்லாம். இரண்டு மாடு. அம்மாவின் தோடு. விதைநெல்.

ஒன்றரை ஏக்கர் வயல். அது இன்றைக்கும் முதலாளியின் மைத்துனன் பெயரில் இருக்கிறது. போன மாரிக்கும் விதைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல விளைச்சலாம்.